முகஸ்துதி செய்த ஹெட்போன்

விலைச்சீட்டை மறைத்துவிட்டு ஒரு பொருள் நல்லதா கெட்டதா என்று சொல்ல உங்களால் முடியுமா? முடியும் என்று சட்டென்று தலையாட்டிவிடாதீர்கள். தலையாட்டிய பலரை எனக்குத் தெரியும். சீட்டை மறைத்ததும் அவர்கள் முகத்தில் பரீட்சை மண்டபக் களை வந்துவிடும். அந்தப் பரீட்சையை எழுதித் தேறிய ஒரு பெண்ணின் கதை இது.

அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களை ஒலிப்பதிவு செய்து அனுப்பும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை. பெயிண்ட் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் இரண்டே அறைகள். உள்ளறையின் சுவரெல்லாம் பழைய மெத்தைகளை ஆணி அடித்து மாட்டியிருப்பார்கள். அங்கே உட்கார்ந்து ஒருவர் பாடம் படிப்பார். படிக்கும்போது மின்விசிறி ஓடக்கூடாது, ஜன்னல் திறக்கக்கூடாது. வெளியறையில் அவள் உட்கார்ந்து, படித்ததில் இருக்கும் இருமல், பெருமூச்சு, பக்கம் புரளும் சத்தம், "ஐயோ, தப்பு, மறுபடி படிக்கிறேன்" எல்லாவற்றையும் கணினியில் வெட்டுவாள். அதனால் அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் கத்திரி. வீட்டிலும் அதே குணம்தான். கணவன் ஒரு கதையை ஆரம்பித்தால், "நடுவுல மூணு வாக்கியம் வேண்டாம், முடிவைச் சொல்லு" என்பாள்.

பாடம் படிப்பவர் முப்பத்தொரு வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள். எல்லோருக்கும் அவர் கண்டக்டரம்மா. எண்பது பேர் நசுங்கி நிற்கும் வண்டியில் கடைசி இருக்கைக்காரனின் காதில் போய் விழுந்த குரல் அது. கனமான குரல். ஈரமண் மேல் நடப்பது போல அழுத்தமாக நடக்கும். வேதியியல் பாடத்தைக்கூட அவர் படித்தால், அடுத்த நிறுத்தத்தில் நாமும் இறங்க வேண்டும் என்று தோன்றும்.

அந்தக் கண்டக்டரம்மாவைத்தான் வேலையை விட்டு அனுப்புவதென்று மேலாளர் முடிவு செய்தார்.

காரணம், புகார்கள். ஏழு மாதமாக மாணவர்களிடமிருந்து வந்துகொண்டே இருந்தன. குரல் கீச்சென்று இருக்கிறது, காது வலிக்கிறது, கொசு பாடம் நடத்துவது போல இருக்கிறது என்று. மேலாளர் தன் மேசையில் இருக்கும் கணினியின் ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தார். உண்மைதான், கீச்சென்றுதான் இருந்தது. உடனே மனைவியின் தம்பியை அழைத்தார். அந்த மச்சானுக்கு ஊரில் பெரிய இசை ரசிகர் என்று பெயர். அலுவலகத்தில் அவருக்குத் தங்கக் காது என்று பெயர். அவரும் கண்ணை மூடி, தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்:

"தொண்டை போயிடுச்சு மாமா. வயசு. ஒண்ணும் பண்ண முடியாது. வேற ஆளைப் பாருங்க."

வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழு கூடும். அன்றே முடிவைச் சொல்லிவிடுவது என்று ஏற்பாடாயிற்று. விஷயம் கண்டக்டரம்மாவின் காதுக்கும் போயிற்று. அவர் என்ன செய்வார் பாவம். தேனை நக்கினார், மிளகை மென்றார், வெந்நீரைக் குடம் குடமாகக் குடித்தார். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, "உன் குரல் மேல யாரோ கண்ணு வச்சுட்டாங்க" என்று எதையோ சுற்றிப் போட்டாள். யாரோ ஒருவர் சத்தம் போடாமல் தப்புச் செய்திருக்க, ஒரு பெண் தன் தொண்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

கத்திரிக்கு இதில் ஒன்று புரியவில்லை. அவள் ஹெட்போனில் கேட்கும்போது குரல் நன்றாகவே இருந்தது. வெண்ணெய் போல இருந்தது. அதைச் சொல்லியும் பார்த்தாள்.

"உனக்கு அவங்க மேல பாசம்மா, அதான் அப்படிக் கேக்குது" என்றார் மேலாளர்.

செவ்வாய்க்கிழமை ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. கத்திரி எடுத்தாள். இறுதித் தேர்வுக்குப் படிக்கும் ஒரு மாணவி.

"கண்டக்டரம்மாவை நிறுத்தப் போறீங்களாமே, நிஜமா?"

"நீங்கள்லாம்தானேம்மா புகார் எழுதுனீங்க."

"நான் என்ன எழுதினேன்னு யாராவது படிச்சீங்களா? முப்பத்தோராவது பாடம் வரைக்கும் குரல் நல்லா இருக்கு, முப்பத்திரண்டுல இருந்து கொசுன்னு எழுதினேன். எங்க தாத்தாவுக்குக் குரல் தேய பத்து வருஷம் ஆச்சு. இவங்களுக்கு மட்டும் ஒரே ராத்திரியில எப்படித் தேஞ்சுது?"

போனை வைத்த கையோடு கத்திரி எழுந்தாள். மேலாளரின் அலமாரியைத் திறந்து கோப்பை எடுத்தாள். மேலட்டையில் புகார்களின் எண்ணிக்கை அழகாக எழுதப்பட்டிருந்தது, அறுபத்து நான்கு. உள்ளே பாதிக் கடிதங்கள் உறை கூடப் பிரிக்கப்படாமல் இருந்தன. பிரித்தாள். முப்பத்திரண்டு என்ற எண் ஒன்றல்ல, பதினேழு கடிதங்களில் இருந்தது. கண் தெரியாதவர்கள் பதினேழு பேர் விரலை வைத்துக் காட்டிய இடத்தை, கண் தெரிந்தவர்கள் ஏழு மாதமாகப் பார்க்கவில்லை. பார்வை என்பது யாருக்கு இல்லை என்று நீங்களே சொல்லுங்கள்.

முப்பத்திரண்டாவது பாடம் வெட்டிய தேதியைக் கணினியில் பார்த்தாள். அலுவலகத்தின் பழைய ஹெட்போன் வயர் அறுந்து செத்துப்போன வாரம் அது. அதே வாரம்தான் அவளுடைய கல்யாண நாள் வந்தது. கணவன் ஒரு புது ஹெட்போன் பரிசளித்தான். பெரிய கறுப்புப் பஞ்சு, ஓரத்தில் சிவப்புக் கோடு, பெட்டியின் மேல் இடி மின்னல் படம்.

அன்று சாயங்காலம், வெட்டாத மூலப் பதிவையும் வெட்டி முடித்த பாடத்தையும் கைபேசியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். கணவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். கைபேசியின் ஸ்பீக்கரில் முதலில் முடித்த பாடத்தைப் போட்டாள்.

"யாரு இது? புது ஆளா? ஜலதோஷமா?" என்றான்.

மூலப் பதிவைப் போட்டாள்.

"இது நம்ம கண்டக்டரம்மா."

கத்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கொலைகாரி நான்தான்" என்றாள்.

அவன் கத்தியைக் கீழே வைத்தான். "வெங்காயம் உரிக்கிறவன் நான், அழறவ நீயா? என்னன்னு சொல்லு."

சொன்னாள். நடந்தது இதுதான். அந்தப் பரிசு ஹெட்போன் எதைக் கொடுத்தாலும் அதில் பேஸ் ஒலியை, அதாவது அடியில் உறுமும் கனத்தை, அள்ளிக் கொட்டித்தான் காதுக்குள் அனுப்பும். கண்டக்டரம்மாவின் குரலோ ஏற்கெனவே கனம். இரண்டும் சேர்ந்து பெரிய பீப்பாயில் பாறை உருட்டுவது போல அவளுக்குக் கேட்டது. குரலில் கனம் அதிகம் என்று நினைத்து, கணினியில் அந்தக் கனத்தைக் குறைத்தாள். குறைக்கக் குறைக்க ஹெட்போனில் வெண்ணெயானது. ஹெட்போன் கூட்டிக் கொடுத்ததைக் கழிப்பதாக நினைத்து, பாவம், அந்த அம்மாள் பிறக்கும்போதே கொண்டு வந்ததைக் கழித்துவிட்டாள். அந்த ஹெட்போன் இல்லாத மாணவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது மிச்சமிருந்த கொசு. உள்ளறையில் எப்போதும் பதிவு நடப்பதால் வெளியறையில் ஸ்பீக்கர் போட அனுமதி கிடையாது; ஏழு மாதமாக அவள் அந்த ஒரே சாட்சியை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதியிருந்தாள்.

கணவன் வெங்காயத் தட்டை ஒதுக்கி வைத்தான். "நான் ஆசையா வாங்கிக் குடுத்தது பொய் சொல்லுதுங்கற."

"பொய் இல்லப்பா. முகஸ்துதி பண்ணுது. எதைக் குடுத்தாலும் ஆகா ஓகோங்குது. பாட்டுக்கு அது நல்லாத்தான் இருக்கு. நீ வச்சுக்கோ."

"லிஃப்ட்டுல வேலை செய்யறப்ப போட்டுக்கறேன். சரி, உள்ளதை உள்ளபடி சொல்ற ஹெட்போன் என்ன விலை?"

அதுதான் கேள்வி. பாடத்தைச் சரிசெய்து கையில் வைத்துக்கொண்டுதான் காரணத்தைச் சொல்வது என்று, மறுநாள் மேலாளரிடம் ஹெட்போன் மட்டும் கேட்டாள். நிறுவனத்தில் காசில்லை என்றார். பக்கத்தில் இருந்த தங்கக் காது ஆலோசனை மட்டும் இலவசமாகக் கொடுத்தார்: "தொழில் செய்யறவங்க போடறதுன்னா ஒண்ணுதான் இருக்கு. வயர் முனையில தங்க முலாம் பூசினது. மத்ததெல்லாம் குப்பை." விலை அவளுடைய மூன்று மாதச் சம்பளம். அவள் கையில் இருந்தது ஒரு வாரச் சம்பளம். கையில் காசில்லாதவனுக்கு உண்மை கேட்காது என்று சொல்வது போல இருந்தது அது. இந்த உலகத்தில் கல்விக்கும் மருந்துக்கும் சொல்கிற அதே பேச்சு. அவளுக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம்; ஒரு காரியத்தைச் செய்து முடிக்கிற அளவுக்கு நல்ல கோபம்.

புதன்கிழமை சாயங்காலம் மூன்று பேராகக் கடைக்குப் போனார்கள். கத்திரி, கணவன், கண்டக்டரம்மா. ஆம், கண்டக்டரம்மாவைக் கையோடு கூட்டிப்போனாள். போகிற வழியிலேயே தப்பு தன்னுடையது என்று சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் தெருவில் நின்றார். பிறகு, "அப்ப என் தொண்டை நல்லாத்தான் இருக்கா?" என்றார்.

"நல்லா இருக்கும்மா. என்னை ரெண்டு திட்டுங்க."

"திட்டறது இருக்கட்டும்டி. நாலு பாட்டில் தேன் குடிச்சேனே! சர்க்கரை ஏறியிருந்தா யாருடி பதில் சொல்றது?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார் பாருங்கள், முன்னால் போன சைக்கிள்காரன் பின்னால் பஸ் ஹார்ன் அடிக்கிறது என்று நினைத்து ஒதுங்கினான்.

கடை சிறியது. சுவர் முழுக்க ஹெட்போன்கள். கடைக்காரர் இளைத்த மனிதர், கழுத்தில் ஒன்று, கையில் ஒன்று.

"வாங்கக்கா. பாட்டுக்கா, கேமுக்கா?"

"பாடத்துக்கு."

"அப்படி ஒரு வகை இல்லையேக்கா. இருங்க, ஒரு பாட்டுப் போட்டுக் காட்டறேன், நெஞ்சே அதிரும்."

"நெஞ்சு அதிர வேண்டாங்க. பாட்டும் வேண்டாம். இவங்க படிப்பாங்க." கண்டக்டரம்மா பையிலிருந்து புவியியல் புத்தகத்தை எடுத்தார்.

கடைக்காரர் கணவனைப் பார்த்தார். கணவன், "என்னைப் பார்க்காதீங்கண்ணே. நான் வாங்கினதாலதான் இவ்வளவும்" என்றான்.

முறை எளியது. கண்டக்டரம்மா ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து ஒரு பத்தி படிப்பார். அதே பத்தியின் மூலப் பதிவைக் கைபேசியிலிருந்து ஹெட்போனில் கேட்க வேண்டும். எந்த ஹெட்போனில் கேட்கும்போது எதிரே உட்கார்ந்திருக்கும் அதே அம்மாளின் குரல் கேட்கிறதோ, அதுதான் உண்மை சொல்வது. கத்திரியின் கண்ணைத் துண்டால் கட்டினான் கணவன். தலையில் மாட்டினால் எடையிலேயே எது விலை உயர்ந்தது என்று தெரிந்துவிடும் என்பதால், அவன் இரண்டு கையாலும் பிடித்துக் காதோடு ஒட்டிக் காட்டினான். அவள் கைகள் மடியில். ஐந்து ஹெட்போன். தங்கக் காது சொன்ன மூன்று மாதச் சம்பளமும் அதில் ஒன்று. ஒவ்வொன்றையும் மூன்று முறை, வரிசையை மாற்றி மாற்றி. கண்டக்டரம்மா மதிப்பெண் குறித்தார்.

"நீங்களும் கேட்டுச் சொல்லுங்களேம்மா" என்றார் கடைக்காரர்.

"என் குரலை நான் தலைக்குள்ள இருந்து கேக்கறேன், அவ வெளிய இருந்து கேக்கறா. என் குரல் எப்படின்னு எனக்கே தெரியாதுப்பா."

இரண்டாவது சுற்றில் கத்திரி திடீரென்று கையைத் தூக்கினாள். "யாரு சத்தத்தைக் கூட்டினது?"

கடைக்காரர் கைபேசியிலிருந்து விரலை எடுத்தார்.

"கொஞ்சம்தான்க்கா" என்றார் கடைக்காரர். "நல்ல பொருள், நல்லாக் கேக்கட்டுமேன்னு..."

"சத்தம் கூடினா எதுவுமே நல்லாத்தான் கேக்கும். உரக்கப் பேசறவன் சொல்றது சரின்னு ஊரே நம்பறது அதனாலதான். எல்லாத்துக்கும் ஒரே அளவு வைங்க. இல்லாட்டி இந்தச் சுற்று செல்லாது."

மறுபடி முதலிலிருந்து. இதற்குள் கடைக்குள் நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். சார்ஜர் வாங்க வந்தவர் சார்ஜரை மறந்துவிட்டு, "நதிகள் டெல்டா உண்டாக்கறது இப்பதான்யா எனக்குப் புரியுது" என்றார்.

முடிவு வந்தது. முதலாவது ஹெட்போனில் கண்டக்டரம்மா கிணற்றுக்குள்ளிருந்து படித்தார். இரண்டாவதில் மூக்கடைப்போடு. மூன்றாவதில் வாயில் கண்ணாடித் துண்டு வைத்துக்கொண்டு. மூன்று சுற்றிலும் முதலிடம் நான்காவதற்கு. அதைக் காதில் வைத்தபோது கத்திரி, "அம்மா, இப்பப் படிக்கறது நீங்களா, பதிவா?" என்று கேட்டாள். கடையே கைதட்டியது. துண்டை அவிழ்த்துப் பார்த்தாள். மங்கின சாம்பல் நிறம், சுருள் வயர், அலங்காரம் எதுவும் இல்லை. ஆஸ்பத்திரியில் எதையோ சோதிக்க மாட்டிவிடுவது போல இருந்தது. விலை போக, ஒரு வாரச் சம்பளத்தில் கொஞ்சம் மிச்சம்.

ஐந்தாவதாக இருந்த தங்க முலாமுக்கு இரண்டாம் இடம். அது மோசமில்லை, நல்ல பொருள்தான். ஆனால் மூன்று மாதச் சம்பளம் கொடுத்தவருக்கு அது இரண்டாம் இடம் என்று சொல்லிப் பாருங்கள், உங்கள் காதில் குறை என்பார்.

"இதை யாருமே வாங்க மாட்டாங்கக்கா" என்றார் கடைக்காரர், பெட்டியின் தூசியைத் தட்டிக்கொண்டே. "பாட்டு சப்புனு இருக்கும்."

"இருக்கட்டுங்க. உப்பு எவ்வளவுன்னு நான் பார்த்துப் போட்டுக்கறேன். உப்புப் போட்டே வந்தா எப்படிப் பார்க்கிறது?"

வியாழக்கிழமை முழுக்க உட்கார்ந்து முப்பத்திரண்டாவது பாடத்தை மூலப் பதிவிலிருந்து மறுபடி வெட்டினாள். இந்தத் தடவை குரலின் கனத்தில் அவள் கை வைக்கவே தேவையிருக்கவில்லை. இருமலையும் ஒரு தும்மலையும் எடுத்தாள்; அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை குழு கூடியது. மேலாளர், குழுவினர் இருவர், அழைக்கப்படாமலேயே வந்திருந்த தங்கக் காது. ஓரத்து நாற்காலியில் கண்டக்டரம்மா. அவரிடம் கொடுக்க வேண்டிய கடிதம் மேசை மேல் தயாராக இருந்தது. கத்திரி அனுமதி கேட்டு, மேலாளரின் ஸ்பீக்கரிலேயே பழைய முப்பத்திரண்டைப் போட்டாள். எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள். பிறகு புதியதைப் போட்டாள்.

தங்கக் காது கண்ணை மூடினார். தலையைச் சாய்த்தார். "ஆகா! இது குரல்! மாமா, இதைத்தான் நான் சொன்னேன். எவ்வளவு இளமை, எவ்வளவு கனம்! யாரு இந்தம்மா? விடாதீங்க, இவங்களையே போட்டுடுங்க."

ஓரத்து நாற்காலியிலிருந்து பதில் வந்தது: "போட்டு ரெண்டு வருஷம் ஆச்சு தம்பி. இறக்கி விடாம இருந்தாச் சரி."

முதலில் சிரித்தது மேலாளர். அவரை அந்த ஒன்றுக்காகப் பாராட்ட வேண்டும். குழுவினர் இருவரும் மேசையில் கவிழ்ந்து சிரித்தார்கள். தங்கக் காது மட்டும், ஸ்பீக்கர் சரியில்லை என்று ஏதோ முனகிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

ஹெட்போன் செய்ததையும் தான் செய்ததையும் கத்திரி சொன்னாள். மேலாளர் கடிதத்தைக் கிழித்துவிட்டு, "சரி, ஏதோ தொழில்நுட்பக் கோளாறுன்னு மாணவர்களுக்கு ஒரு வரி போட்டுடலாம்" என்றார்.

"கோளாறுக்குப் பேர் இருக்கு சார்" என்றாள் கத்திரி. "ஏழு மாசம் அவங்க பேரைச் சொன்னோமில்ல? இப்ப என் பேரைச் சொல்லணும். கடிதங்களைப் பிரிக்கலைன்னும் சொல்லணும்." மேலாளர் தலையைச் சொறிந்தார். குழுவினரில் மூத்தவர், "சொல்லட்டும்" என்றார்.

அன்று மெத்தை அறைக்குள் அவளே போய் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் முறையாகத் தன் குரலைப் பதிவு செய்தாள். வெளியே இருந்து கண்டக்டரம்மா கத்தினார்: "வாயைத் திறந்து பேசுடி! கடைசி இருக்கைக்குக் கேக்க வேண்டாமா?" பதினொரு தடவை தடுமாறி, பன்னிரண்டாவதில் முடித்தாள். மன்னிப்புக் கேட்டாள், முப்பத்திரண்டிலிருந்து எல்லாப் பாடங்களும் தேர்வுக்கு முன்னால் சரியாகி வரும் என்றாள். வந்தன. அந்த மாணவி ஒரு வரி அனுப்பினாள்: "கொசு போச்சு, பஸ் வந்துடுச்சு. நன்றி."

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்கிறோம். சொல்லிவிட்டு அதோடு விட்டுவிடுகிறோம், விசாரிக்கத்தான் ஆளில்லை. ஆகவே ஒன்று கேட்கிறேன், செய்யுங்கள். இந்த வாரம் உங்கள் வீட்டில் ஒருவரை அரைப் பக்கம் உரக்கப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அவரை எதிரே உட்கார வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, உங்கள் ஹெட்போனில் அதைக் கேளுங்கள். கேட்பது அவர் குரல்தானா என்று பாருங்கள். இல்லையென்றால், அந்தப் பதிவோடு அவரையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள்.